மழைக்குப் பார்த்த பை

டியூபா என்கிற சாமானை மகள் ஊதத் தொடங்கும்வரை நான் கண்ணால் பார்த்ததில்லை. பேண்டில் இருக்கும் பித்தளை வாத்தியங்களில் அதுதான் பெரியது. நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வைத்து, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும். அகன்ற வாய் மேலே பார்த்தபடி இருக்கும். நடுவில் குடல் மாதிரி குழாய் சுற்றிச் சுற்றிப் போகும். தவழுகிற பிள்ளையைத் தூக்கும் கனம் இருக்கும்.

நாங்கள் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். நான் கொழுந்து எடுக்கிறேன். வீட்டுக்காரர் கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். மகள் ஒருத்திதான். உயர்தரம் படிக்கக் கொட்டகலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். அங்கே பேண்ட் இருந்தது. இவள் போனபோது ட்ரம்பெட்டுக்கும் டிரம்முக்கும் ஆள் நிறைந்துவிட்டது. மூலையில் கிடந்த டியூபாவை மட்டும் ஒருவரும் தொடவில்லை. பாரம் என்று விட்டிருந்தார்கள். இவள் எடுத்தாள்.

"ஏன்டி, ஒனக்கு வேற ஒன்னும் கெடைக்கலயா?" என்று கேட்டேன்.

"அது ஊதாட்டி மத்ததெல்லாம் காலில்லாம நிக்கிற மாதிரி இருக்கும்மா. நீ வந்து கேட்டுப் பாரு."

விளையாட்டுப் போட்டி அன்று போய்க் கேட்டேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் மேலே ட்ரம்பெட்டுகள் கத்திக்கொண்டிருக்க, அடியில் ஏதோ ஒன்று கிடந்து உறுமியது. அந்த உறுமல் நின்ற இடங்களில் மற்றச் சத்தமெல்லாம் தகரம் தட்டுவதுபோல் ஆனது. உறுமியது என் பிள்ளை. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள், விடுங்கள்.

சிக்கல் பஸ்ஸில் வந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான் பேண்ட் பழகுவார்கள். எங்கள் பக்கம் வரும் பஸ்ஸை அவள் விட்டால், அடுத்தது வந்து சேரும்போது இருட்டிவிடும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து லயத்துக்குத் தேயிலைக்குள் ஏற வேண்டும். அந்தப் பாதையில் சிறுத்தை நாயைத் தூக்கியிருக்கிறது. அதனால் பழகும் நேரத்தில் பாதியிலேயே எழுந்து ஓடி வருவாள். மாகாணப் போட்டி வரப்போகிறது, இப்படி அரைகுறையாகப் பழகுகிறவளை மேடையில் ஏற்ற முடியாது என்று பேண்ட் பழக்கும் சேர் சொன்னார். பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். வெள்ளிக்கிழமை டியூபாவை வீட்டுக்குக் கொண்டுபோய் சனி, ஞாயிறு பழகலாம், திங்கட்கிழமை திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஆனால் சும்மா தூக்கிக்கொண்டு போக விடமாட்டார். பை வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு பெட்டி இருந்தது. கீல் போய், கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். எங்கள் பஸ் கதவுக்குள் அது பக்கவாட்டில்கூட நுழையாது. ஆகவே முதுகில் மாட்டுகிற துணிப் பைதான் ஒரே வழி. டியூபாவுக்கென்றே அப்படிப் பைகள் வருகின்றன என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஹட்டனில் விசாரித்தேன். கிட்டார் பை காட்டினார்கள். நான் கையை அகட்டி அளவு காட்டியதும் கடைக்காரப் பையன்கள் சிரித்தார்கள். நுவரெலியாவில் ஒருவன், "அம்மா, இது என்னா, தண்ணி டேங்குக்கா?" என்றான். உன் மண்டைக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையைக் கண்டுபிடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், போனில் படம் அனுப்பினார். எங்கள் லயத்தில் சிக்னல் இல்லை. பிள்ளையார் கோயில் வளைவில் ஏறி நின்றால்தான் கிடைக்கும். நானும் மகளும் அங்கே போய் நின்றோம். அடுத்த காம்பராவில், பக்கத்து அறையில் இருப்பவளும் கூடவே வந்தாள். அவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு கருத்து இருக்கும்.

இரண்டு பைகள். ஒன்று தடித்தது. உள்ளே கைத் தடிமனுக்கு ஸ்பொஞ்ச் வைத்திருந்தார்கள். வெளியே கம்பளி மாதிரித் துணி. இன்னொன்று மெல்லியது. ஸ்பொஞ்ச் கொஞ்சம்தான், ஆனால் வெளியே படங்குபோல ரப்பர் பூசிய துணி. சிப்புக்கு மேலேயும் ஒரு மூடி.

"தடிச்சதுதான் நல்லதுன்னு கடைக்காரரு சொல்றாரு," என்றார் வீட்டுக்காரர் போனில். "மேலேருந்து விழுந்தாலும் ஒன்னும் ஆவாதாம்."

"தண்ணி போவுமா?"

"என்னா தண்ணி?"

"மழைத் தண்ணிங்க. நீங்க கொழும்புக்குப் போயி இங்க மழை பேயும்கிறதயே மறந்துட்டீங்களா?"

அவர் கடைக்காரரிடம் கேட்கும் சத்தம் கேட்டது. கடைக்காரர் என்னவோ சொன்னார். "லேசா நனையுமாம். வெயில்ல போட்டா காஞ்சிருமாம்," என்றார் இவர்.

அடுத்த காம்பராக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெயிலு வேணும்னா அவர ஒரு பார்சல் கட்டி அனுப்பச் சொல்லுங்கக்கா."

இதை எழுதும்போதும் எனக்கு மழையைப் பார்த்து எடுத்த முடிவுதான் சரியென்று படுகிறது. எங்கள் இடத்தில் ஒரு ஸ்பொஞ்ச் மெத்தை நனைந்தால் அது காய்வதில்லை. அடுப்புக்கு மேலே கட்டினாலும் வெளியே காயும், உள்ளே காயாது. பிறகு பூஞ்சணம் பிடிக்கும். மகளின் பள்ளிக்கூடப் பையே வருஷத்தில் பாதி நாள் பச்சை நாற்றம் அடிக்கும். பஸ்ஸிலிருந்து லயம்வரை அவள் நடப்பது மழையில்தான். ஈர ஸ்பொஞ்சுக்குள் பித்தளையைச் சனி, ஞாயிறு முழுவதும் வைத்திருந்தால் என்ன ஆகும்? கொழும்பில் உட்கார்ந்திருக்கிற கடைக்காரனுக்கு இதெல்லாம் தெரியாது. அவனுக்குச் சாமான் விழுவது ஒன்றுதான் பயம்.

மகளைக் கேட்டேன். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"தடிச்சதுல வச்சா மெத்தையில தூங்குற மாதிரி இருக்கும்," என்றாள். "ஆனா நனைஞ்சிச்சின்னா திங்கக்கெழமைக்குள்ள காயாதும்மா. சேர் ஏசுவாரு."

"அப்ப மெல்லிசா?"

"மெல்லிசுதான்."

தீபாவளிக்கு வரும்போது வீட்டுக்காரர் பையைக் கொண்டுவந்தார். எங்கள் லயத்து ஆட்களுக்கு ஒரு சாமானைச் சும்மா பார்த்து நல்லது என்று சொல்லத் தெரியாது. உள்ளே பழைய பேப்பரைத் திணித்து, சிப்பை இழுத்து, பீலியடியில், தண்ணீர்க் குழாய்க்குக் கீழே வைத்துத் திறந்துவிட்டார்கள். பிறகு பேப்பரை எடுத்து ஒவ்வொரு தாளாகத் தடவிப் பார்த்தார்கள். சொட்டு ஈரம் இல்லை. அடுத்த காம்பராக்காரி பையை முதுகில் மாட்டி வாசலில் நடந்தும் காட்டினாள். "எனக்குக் கொழுந்து கட்ட இதையே குடுத்தா, தோட்டத்துத் தொர என்னைக் கண்டா சலாம் போடுவாரு," என்றாள். அன்றைக்கு யாருமே அதைக் கீழே போட்டுப் பார்க்கவில்லை. அதன்மேல் உட்கார்ந்தும் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்கப்போகிறார்கள்? இங்கே ஒரு சாமானைக் கெடுப்பது மழைதான்.

அந்தப் பையோடு கொஞ்சக் காலம் நன்றாகத்தான் போனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேயிலைக்குள்ளிருந்து முதலில் பைதான் தெரியும், அவள் தலை அதற்குக் கீழே எங்கேயோ இருக்கும். மழையில் ஊறி வருவாள். பைக்குள் டியூபா காய்ந்தபடி இருக்கும். அவள் தலையைத் துவட்டுமுன் பையைத்தான் துடைப்போம். சனிக்கிழமை காலையில் ஊதத் தொடங்குவாள். முதல் வாரம் கீழ் லயத்திலிருந்து ஒரு கிழவர் வந்து, "மாடு வாங்குனீங்களாமே, கன்னு போட்டிருச்சா?" என்று கேட்டார். அவள் கோபிக்கவில்லை. அவரை உட்காரவைத்து முழுப் பாட்டையும் ஊதிக் காட்டினாள். பிறகு அவர் வராத சனிக்கிழமை இல்லை.

போட்டிக்கு அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவேன் என்று சேர் சொல்லிவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் அவள் தூக்கத்தில்கூட விரலை அழுத்திக்கொண்டு கிடந்தாள்.

அது சம்பள வாரத்து வெள்ளிக்கிழமை. நான் அன்று ஹட்டனுக்குப் போயிருந்தேன். திரும்பும் பஸ்ஸில் நான் ஹட்டனில் ஏறினேன், அவள் கொட்டகலையில் ஏறினாள். பின் கதவுப் பக்கம் கூட்டத்துக்குள் அவளை இழுத்துச் சேர்த்துக்கொண்டேன். பையை நிமிர்த்தி, கட்டிப் பிடித்தபடி நின்றாள். எப்போதும் அப்படித்தான் வருவாளாம். தலவாக்கலையில் இன்னும் ஒரு பஸ் ஆட்கள் ஏறினார்கள். அரிசி மூட்டை, கோழித் தீவன மூட்டை, பிள்ளைகளுக்கு வாங்கிய சைக்கிள் ஒன்று. கண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டு கத்தினான். சிங்களப் பையன், எங்கள் ரோட்டில் ஓடி ஓடித் தமிழ் பழகியவன்.

"நங்கி, தங்கச்சி, அந்த மூட்ட நிக்க வேணாம், பின் சீட்டுகிட்ட படுக்கப் போடுங்க. ரெண்டு ஆள் நிக்கலாம் அதுல."

"மூட்ட இல்ல, பேண்ட் சாமான்," என்றேன்.

"என்ன சாமான் சரி பரவால்ல அக்கா. டிரைவருக்குக் கண்ணாடி பேந்நே இல்ல, தெரியிறது இல்ல."

அவனே குனிந்து பையைக் கடைசிச் சீட்டுக்கு முன்னால் படுக்கப் போட்டான். மெதுவாகத்தான் போட்டான், பொய் சொல்லக்கூடாது. மகள் அதன் இரண்டு பக்கமும் காலை ஊன்றிக் காவல் நின்றாள். அந்தப் பெட்டியாக இருந்தால் பார்க்கிறவர்களுக்கு உள்ளே ஏதோ உடையும் சாமான் என்று தெரிந்திருக்கும். பை அப்படியில்லை. கீழே கிடந்தால் படங்கு சுற்றிய கம்பளி மூட்டைதான்.

அந்தக் கூட்டத்தில்தான் தலவாக்கலையில் ஒரு பெண் ஏறியிருந்தாள். மாசம் ஏறிய வயிறு. கிளினிக்குப் போய் வருகிறாள், கையில் அந்தக் கார்டு இருந்தது. முன்னால் கர்ப்பிணித் தாய்மாருக்கு என்று எழுதிய சீட் ஒன்று இருக்கிறது. அதில் யார் இருந்தார்கள் என்று பின்னாலிருந்து தெரியவில்லை. தெரிந்தாலும் அங்கே போக வழியில்லை. கடைசிச் சீட்டில் வரிசையாக ஆண்கள் இருந்தார்கள். நான் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். ஒருவன் வெளியே பார்த்தான். ஒருவன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். அவன் தோளைத் தட்டினேன்.

"தம்பி, மாசமா இருக்கிற புள்ள நிக்கிது. எந்திரி."

கண்ணைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

"செவிடா நீ? ஒங்கம்மா நின்னுக்கிட்டா ஒன்னப் பெத்தா?" என்று கேட்டேன். பக்கத்திலிருந்த ஒரு பெரிய மனுஷன், "ஏன்மா சத்தம் போடுற, அவனும் வேலைக்குப் போயிட்டுத்தானே வர்றான்," என்றான். அந்தப் பெரிய மனுஷனும் எழவில்லை.

பஸ் லிந்துலை தாண்டி வளைவுகளில் ஏறத் தொடங்கியது. அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்தது. மேல்கம்பியைப் பிடித்திருந்த கை நழுவியது. கண் செருகுவதைப் பார்த்தேன். நான் பிடிப்பதற்குள் மடங்கி, மகளின் கால்களுக்கு நடுவில் பைமேல் உட்கார்ந்துவிட்டாள். முழுப் பாரமும் அதன்மேல்தான்.

டியூபாவின் வாய் இருந்த பக்கம் ஒரு சத்தம் வந்தது. பிஸ்கட் டின் மூடியை அமுக்கினால் வருமே, அப்படி. மகள் அதைக் கேட்டாள், நானும் கேட்டேன். வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

அந்தப் பெண் சற்று நேரத்தில் தெளிந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கங்கக்கா, தல சுத்திருச்சு. கம்பளியா உள்ள? மெத்துன்னு இருக்கு," என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். எந்திரி என்று ஒரு வார்த்தைதான். கங்காணியை ஏசியிருக்கிறேன், தோட்டத்து ஐயாவை ஏசியிருக்கிறேன், ஆபீஸ் வாசலில் நின்று தொரைக்குக் கேட்கும்படி ஏசியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. எழுப்பினால் எங்கே நிற்பாள்? மறுபடி விழுந்தால்? மகளைப் பார்த்தேன். அவள் பையைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்து, "விடும்மா, இருக்கட்டும்," என்றாள்.

ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பெண் சாய்ந்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப் போட்டு உட்காரவைத்தது. அந்த ரோட்டை யாரும் திருத்துவதில்லை. அவளுடைய தோட்டம் வரும்வரை அப்படியே வந்தோம். இறங்கும்போது மகளின் கன்னத்தைத் தொட்டு, "நல்லாருப்ப தங்கச்சி," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டில் வந்துதான் சிப்பைத் திறந்தோம். வெளியே நல்ல மழை. பையில் ஒரு கீறல் இல்லை, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. டியூபாவின் வாய் ஒரு பக்கம் உள்ளே மடிந்து கிடந்தது, காய்ந்த இலை சுருண்டதுபோல. விரலால் அழுத்தும் கட்டைகளில் ஒன்று உள்ளே போய் அங்கேயே நின்றுவிட்டது. மகள் ஊதிப் பார்த்தாள். காற்றுத்தான் வந்தது. அவள் அழுதிருந்தால் எனக்கு ஏதாவது செய்ய இருந்திருக்கும். அவள் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு, மடிந்த ஓரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கோயில் வளைவுக்கு ஏறி, வீட்டுக்காரருக்குப் போனில் சொன்னேன்.

"அன்னைக்கே தடிச்சத வாங்குவோம்னு சொன்னேன்," என்றார்.

"தடிச்சதுமேல ஒக்காந்தா மட்டும் மடங்காதா?"

"மடங்கியிருக்காது."

"கடைக்காரனுக்கு மகனா பொறந்தீங்களா நீங்க?"

"அத விடு புள்ள. எந்திரின்னு ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு வாய் இல்லையா? ஊரு முழுக்க பேசுற வாயி."

போனை வைத்துவிட்டேன். தடித்த பை தாங்கியிருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகாமல் அவளோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சேர் ஏசினால் திருப்பி ஏசுவது என்றுதான் போனேன். பஸ்ஸில் வழி முழுக்க அதற்கான வசனத்தைத் தயார்பண்ணிக்கொண்டு போனேன். மகள் நடந்ததைச் சொன்னாள். அவர் ஏசவில்லை. டியூபாவை மேசைமேல் வைத்து, மடிந்த இடத்தைக் கையால் தடவினார். கட்டையை அழுத்திப் பார்த்தார். கண்டியில் ஒரு ஆள் இருக்கிறார், தட்டி நிமிர்த்துவார், போட்டிக்கு முன்னால் ஊதக்கூடிய மாதிரி வந்துவிடும் என்றார். பிறகு மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இனி இது பஸ்ல போகக்கூடாதுக்கா."

"போகாட்டி புள்ள எங்க பழகும் சேர்?"

"இங்கதான்."

"இங்க நின்னா பஸ் போயிரும்."

"தெரியும்."

ஸ்டேசனுக்குப் பின்னால் இருக்கும் ஒரு மாணவனை டியூபாவுக்குப் போடப்போவதாகச் சொன்னார். அவன் தகப்பனுக்கு ஆட்டோ இருக்கிறது. வீடும் நடக்கும் தூரம். அவன் இவளளவு ஊதமாட்டான், ஆனால் நின்று பழகுவான்.

"நீங்க ஒரு நாளைக்கு அந்த பஸ்ல வந்து பாருங்க சேர். சம்பள நாளையில வந்து பாருங்க. அப்புறம் சொல்லுங்க," என்றேன். குரல் எழும்பிவிட்டது. வராந்தாவில் போன பிள்ளைகள் நின்று பார்த்தார்கள்.

"நானும் டயகமவுலருந்து அதே பஸ்ல வந்து படிச்சவன்தான்," என்றார். "அந்தப் பொம்பளைய எழுப்பியிருந்தா நான் ஒங்க மகளப் பத்தி வேற மாதிரி நெனச்சிருப்பேன். அது வேற. ஆனா பள்ளிக்கூடத்துக்கு இருக்கிறது இந்த ஒன்னுதான்கா. இன்னொரு தடவ மடங்குச்சின்னா யாருக்குமே இல்ல."

நான் கொண்டுபோன வசனமெல்லாம் அப்படியே நின்றது. ஏசுவதற்கு அங்கே ஒருவரும் இல்லை. சேரை ஏச முடியாது, அந்தப் பெண்ணை முடியாது, அந்தக் கண்டக்டர் பையனைக்கூட முடியாது. கண்ணை மூடிக்கொண்டு வந்தவனை எங்கே தேடுவது?

பையை எங்களையே வைத்துக்கொள்ளச் சொன்னார் சேர். நான் கையில் எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டு ஆள் வாங்கித் தந்த பை. வேறு ஒருவன் தூக்க எதற்குக் கொடுக்க வேண்டும்? வராந்தாவுக்கு வந்ததும் மகள் என்னிடமிருந்து வாங்கினாள்.

"இது இங்கயே இருக்கட்டும்மா."

"ஏன் இருக்கணும்? நம்ம சாமான்."

"அத வச்சு நாம என்னா செய்யிறது? வேற ஒன்னும் அதுக்குள்ள நிக்காது. கண்டிக்கு எதுல கொண்டு போவாங்க? சாக்குலயா?"

"கொண்டு போகட்டும் சாக்குல. எனக்கென்னா?"

"எனக்கு இருக்குல்ல," என்றாள்.

இனி டியூபா ஊதப்போகிற அந்தப் பையன் வகுப்பிலிருந்து வந்து ஓரமாக நின்றான். கண்டிக்கு அனுப்ப டியூபாவைத் தூக்கிப் போக அவனைச் சேர் கூப்பிட்டிருக்க வேண்டும். இவளைவிட ஒரு தலை குள்ளம். அவனையாவது ஏசலாமா என்று பார்த்தேன். அவன் என் முகத்தைக் கண்டதும் இன்னும் சுருங்கினான். மகள் மேசைமேல் இருந்த டியூபாவை எடுத்துவந்து, வாய் கீழே போகாமல் பைக்குள் இறக்கி, மடிந்த பக்கம் வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்து, சிப்பை மூடினாள். பிறகு அவன் முதுகில் மாட்டிவிட்டாள். பை அவன் முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

"கொஞ்சம் நில்லு," என்று சொல்லி, அவனுக்குப் பின்னால் மண்டிபோட்டு, இரண்டு தோள்வாரையும் இழுத்து இழுத்து அவன் உயரத்துக்குக் குறைத்துக் கட்டினாள்.